கூரைக்கு அழைத்த எக்காளம்

தருமபுரி ஆயுதப்படையின் எக்காளக் காவலராகப் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் திரு. வியாகுலம் அவர்களுக்கு, உடன் பணிபுரிந்தோரும் அவர்தம் இல்லத்தாரும் வாசித்தளிக்கும் வாழ்த்து மடல்

விடியலை விளித்து எழுப்பிய வித்தகரே! மூச்சையே முறைப்பணியாக்கிய முன்னவரே! எங்கள் அன்புக்குரிய அண்ணாரே, வணக்கம்!

சேலத்திலிருந்து நம் மாவட்டம் தனியாகப் பிரிந்து வந்த ஆண்டில், ஒரு தகரப் பெட்டியும், துணியில் சுற்றிய பித்தளை எக்காளமும், துணைவியார் மிக்கேலம்மாளுமாக நீங்கள் இந்தக் காவலர் குடியிருப்பில் வந்து இறங்கினீர்கள். அன்றுமுதல் எங்கள் காலைகள் கதிரவனுக்காகக் காத்திருக்கவில்லை. பனி படர்ந்த மைதானத்தின் நடுவில் நின்று நீங்கள் ஊத, அந்த ஓசை ஓட்டுக் கூரைகளைத் தடவி, புளியமரங்களைத் தாண்டி, கேழ்வரகுக் கொல்லைகள்வரை மிதந்து போய்க் கரையும். பாதிக் கனவில் கிடந்த நாங்கள் மீதிக் கனவை அந்த ஓசைக்குள்ளேயே கண்டு முடித்து எழுவோம். எங்கள் வீட்டுப் பெண்கள் அதைக் கேட்டே அடுப்பு மூட்டினார்கள். குழந்தைகள் அதைக் கேட்டே புரண்டு படுத்தார்கள். "இந்த மனுசன் தூங்கறப்பவும் வுடறதில்லீங்க, மூக்குலயே ஊதறாரு" என்று மிக்கேலம்மாள் அக்கா குழாயடியில் சொல்லிச் சிரிப்பதையும் இந்த நல்ல நாளில் மறைக்க எங்களுக்கு மனமில்லை.

சுருதி பிசகாத செம்மலே! உங்கள் எக்காளமும் ஒரே ஒருமுறை பிசகியது. ஆடிப்பெருக்கன்று ஒகேனக்கல்லில் பாதுகாப்புப் பணிக்குப் போன நம் காவலர் முனியப்பன், வெள்ளத்தில் இழுபட்ட ஒரு பெண்மணியைக் கரையேற்றிவிட்டுத் தாம் கரையேறாமலே போனார். அவருக்கு இறுதி மரியாதை ஊதும்போது உங்கள் மூச்சு நடுவில் அறுந்தது. நாங்கள் விறைத்து நின்றோம். பாதியில் நின்ற அந்த ஓசை வெகுநேரம் எங்கள் தலைக்குமேல் எங்கேயோ இடம் தேடிச் சுற்றுவது போலிருந்தது. மறுநாள் முனியப்பனின் மனைவி பாஞ்சாலியைப் போய்ப் பார்த்து, "ஊத வேண்டியத நான் முடிக்கலீங்க, தங்கச்சி. அது பாக்கி நிக்குது" என்றீர்கள்.

பணியில் உள்ளவருக்கே குடியிருப்பு என்பது விதி. அதே ஆண்டு ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமைக்குள் பாஞ்சாலி வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. நல்லம்பள்ளியில் தாய்வீட்டார் கொடுத்த மனையில் மண்சுவர் எழும்பியிருந்தது. மூங்கிலும் கீற்றும் வந்து குவிந்திருந்தன. கூரை போட வேண்டிய ஆட்களோ மழைக்கு முந்திக் கடலைக்காய் பிடுங்கப் போய்விட்டார்கள். முந்திய நாளான ஞாயிறன்று, மாதா கோயில் பூசை முடித்து மிதிவண்டியில் போய் அந்த மொட்டைச் சுவர்களைப் பார்த்துத் திரும்பினீர்கள். தெற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது. ஒரு நல்ல மழை பெய்தால் அந்தச் சுவர்கள் மண்ணோடு மண்ணாகும். பாஞ்சாலியும் பிள்ளைகளும் மறுநாள் தெருவில் நிற்பார்கள்.

பணி முடித்த காவலர்கள் பகலுறக்கத்தில் ஆழ்ந்திருந்த அந்த நேரத்தில், அதிகாரி உத்தரவின்றி ஊதவே கூடாத அபாய எக்காளத்தை நீங்கள் ஊதினீர்கள்! ஒரு காலில் பூட்ஸும் மறு காலில் செருப்புமாக, பெல்ட்டைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தோம். எங்கே கலவரம், யார் உத்தரவு என்று ஏட்டு ஞானராஜ் மூச்சிரைக்கக் கேட்டார்.

"உத்தரவு இல்லீங்க, ஏட்டய்யா. முனியப்பன் வூட்டுச் சுவரு மொட்டையா நிக்குது, மானம் கறுத்துக்கிட்டு வருது. ஒவ்வொரு கதவாத் தட்ட நேரமில்லீங்க" என்றீர்கள்.

ஏட்டு ஞானராஜ்தான் முதலில் மிதிவண்டியை எடுத்தார். அந்தப் பயணம் இன்றும் எங்களுக்குக் கனவு போலவே இருக்கிறது: மங்கிய வெளிச்சம், ஈரக் காற்று, சாலை நெடுக முன்னும் பின்னுமாகக் காக்கிச் சட்டைகள், எங்கள்மேல் நகர்ந்து வந்த மேக நிழல். கடைசிக் கீற்றைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. புதுக்கூரையின் கீழ் தோளோடு தோள் நெருக்கி நின்று, அதன்மேல் மழை பெய்யும் ஓசையை எல்லோரும் கேட்டோம். நீங்கள் கண்களை மூடிக்கொண்டீர்கள்.

விதி விதிதான். விளக்கம் கேட்ட அதிகாரியிடம், "ஆபத்துதானுங்க ஐயா, அதான் ஊதுனேன்" என்று மட்டும் சொன்னீர்கள். உங்கள் தோளுக்கு வரவிருந்த பதவி உயர்வுப் பட்டை வராமலே நின்றது. அதற்காக நீங்கள் ஒருநாளும் முகம் வாடியதில்லை. எங்களுக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

ஆனால் அன்று பிறந்த வழக்கம் நின்றுவிடவில்லை. அதிகாரியின் இசைவோடு, ஓய்வு நாட்களில் உங்கள் வாசலிலிருந்து மெல்ல இரண்டு ஊதல் கேட்கும். நம்மவர் வீட்டில் யாரோ துன்பத்தில் இருக்கிறார் என்று அதற்குப் பொருள். நெஞ்சு நோயால் காவலர் சவரி படுத்தபோது அவர் நிலத்தை உழுதது அந்த ஊதல். பென்னாகரம் சாலையில் காலொடிந்த காவலரின் மனைவி ராஜமேரியைப் பிரசவத்துக்குக் கட்டிலோடு தூக்கிச் சென்றது அந்த ஊதல். அதைக் கேட்டு வராதவரை நீங்கள் ஏன் என்று கேட்டதில்லை. அடுத்த முறை அவர்தான் முதலில் வந்து நிற்பார்.

அண்ணாரே! அடுத்தவர் கூரைக்கே ஓடிய உங்களுக்குச் சொந்தமாக ஒரு கூரை இல்லை. இந்த மாத இறுதியில் நீங்களும் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். எங்கே போவீர்கள் என்று கேட்டபோதெல்லாம், "கர்த்தர் பாத்துக்குவாருங்க" என்று சிரித்தீர்கள். மிக்கேலம்மாள் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அதை நாங்கள் பார்த்தோம்.

ஆகவே உங்களுக்குத் தெரியாமல் ஒரு குற்றம் செய்திருக்கிறோம். நல்லம்பள்ளியில் பாஞ்சாலி அம்மையார் தம் மனையில் பாதியை உங்கள் இருவர் பெயருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார். "அண்ணன் வூடு பக்கத்துல இருந்தாத்தானுங்க எனக்குத் தைரியம்" என்றார். ஓய்வு நாள்தோறும் மண் குழைத்துச் சுவர் எழுப்பிவிட்டோம். கூரையை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்தோம். கீற்றுக் கட்டுகளோடு பாஞ்சாலி அம்மையார் காலையிலிருந்து காத்திருக்கிறார்.

நோயின்றி, நொடியின்றி, ஊதிய மூச்செல்லாம் உங்களுக்கே ஆயுளாகத் திரும்பி வர, அக்காவும் நீங்களும் அந்த வீட்டில் நெடுங்காலம் நிறைந்து வாழ்க!

இம்மடல் வாசித்து முடிந்ததும், உங்களிடம் ஊதப் பழகிய காவலர் அர்ச்சுனன் வெளியே அபாய எக்காளம் ஊதுவார். பதற வேண்டாம், இம்முறை உத்தரவு வாங்கியிருக்கிறோம். நாங்கள் எல்லோரும் ஓடுவோம். நீங்கள் ஓட வேண்டாம். அக்காவைக் கூட்டிக்கொண்டு மெதுவாக வாருங்கள். வந்து சேர்வதற்குள் உங்கள் கூரை ஏறியிருக்கும்.

இங்ஙனம்,
உங்கள் ஓசைக்கு எழுந்தவர்கள்,
ஆயுதப்படைக் காவலர்களும் குடும்பத்தாரும்,
தருமபுரி. ஐப்பசி, 1977.