சுடலை செத்த ஞாயிற்றுக்கிழமை

மதினி, முதலில் அந்த மாலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நல்ல மாலை. காட்கோபரிலிருந்து சயான் வரை ரயில் கூட்டத்தில் ஒரு பூ உதிராமல் கொண்டுவந்திருந்தீர்கள். கூடவே கோடித்துணி வேறு. “எங்க மாமா போயிட்டாரே” என்று சந்து முனையிலிருந்தே அழுதுகொண்டு வந்த நீங்கள், எங்கள் வாசலில் சுடலைக்கண்ணன் மாமாவே உட்கார்ந்து சாயா குடிப்பதைப் பார்த்து நின்றீர்களே, அந்த முகம் என் கண்ணை விட்டு இன்னும் போகவில்லை. தாம் உயிரோடு இருப்பதை நேரில் சொல்லிவிட்டுப் போகத்தான் அவர் மாஹிமிலிருந்து வந்திருந்தார். கோடியைத் தொட்டுப் பார்த்து, “துணி நல்லாத்தான் இருக்கு. பத்திரமா வச்சுக்கோ கோகிலா, பொறவு ஆகும்லா” என்றார்.

குடும்ப குரூப்பில் உங்கள் தம்பி “சுடலை செத்துட்டான்” என்று போட்டது மாமாவைப் பற்றி அல்ல. தாய்மாமனை யாராவது ‘செத்துட்டான்’ என்பார்களா என்று நீங்கள் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். ஆனால் துக்கச் செய்தியில் யார் இலக்கணம் பார்க்கிறார்கள். செத்தது கம்ப்யூட்டர் ஆட்டத்துக்குள் இருந்த சுடலை. குலதெய்வத்தின் பெயரையே அவனுக்கு வைத்திருந்தார் உங்கள் தம்பி. அவனுக்காகத்தான் இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தார்.

செவ்வாய்க்கிழமை போனில் நீங்கள் கேட்டீர்கள். “ஏட்டி ராணி, இதுல உன் கை இருக்கு. உள்ளத மறைக்காமச் சொல்லிரு.” போனில் பேசினால் நீங்கள் என்னைப் பேச விடமாட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். தமிழில் எழுதுவதில் இன்னொரு வசதியும் உண்டு. நீங்கள் ஏழாம் வகுப்பு வரை ஊரில் படித்தவர். உங்கள் தம்பி இங்கேயே பிறந்தவர், எங்கள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயரை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பந்தி ஆரம்பித்துவிட்டது. இந்தத் தாள் அவர் தலைமாட்டில் கிடந்தாலும் எனக்குப் பயமில்லை.

அந்த ஆட்டத்தைத் தேடிக் கொடுத்ததே நான்தான். அதையும் ஒப்புக்கொள்கிறேன். போன மழைக்காலத்தில் ஒர்க்‌ஷாப்பில் வேலை குறைந்திருந்தபோது, உங்கள் தம்பி ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கிவந்து ஏணி போட்ட மேல்தட்டில் வைத்தார். வாரம் முழுக்கத் தோல் வெட்டுகிற கை, ஞாயிற்றுக்கிழமையாவது வேறு எதையாவது பிடிக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். துப்பாக்கி ஆட்டம் நாலைந்து ஆடிப் பார்த்தார். ஒன்றும் அவர் மனதுக்கு ஒட்டவில்லை.

“சும்மா சுட்டுக்கிட்டே திரியான் ராணி. ஒருத்தனுக்கும் பசிக்க மாட்டேங்கு, தாகம் எடுக்க மாட்டேங்கு. குண்டு பட்டா ரெண்டு நிமிசத்துல தானா ஆறிருது. அப்படி ஒரு மனுசன் உண்டுமா?”

“பசிக்கணும்னா அதுக்கு எதுக்கு அத்தான் கம்ப்யூட்டரு?”

“அரே, சமஜ் ராணி, புரிஞ்சுக்கோ. எந்தப் பக்கம் வேணும்னாலும் நடந்து போகணும். எதுக்க வாரவன்கிட்ட நின்னு பேசணும். நாம யாருன்னு நாமளே வச்சுக்கிடணும். துப்பாக்கி இருக்கணும், ஆனா குண்டு நாலுதான் இருக்கணும்.”

என்னிடம் ஒருவர் இத்தனை ஆசையோடு எதையும் கேட்டதில்லை மதினி. சேலை எடுக்கப் போனால்கூட நான் இவ்வளவு அலசியதில்லை. ஒரு ஆட்டத்தில் காடு பெரியது, ஆனால் மனுஷ வாடையே இல்லை. ஒன்றில் பசி உண்டு, ஆனால் செத்தால் அதே இடத்தில் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடலாம். இன்னொன்றில் கண்ணுக்கு எட்டிய தூரம் போகலாம் என்று போட்டிருந்தார்கள். அரைநாள் நடந்துபோய் மூக்கைச் சுவரில் இடித்துக்கொண்டு திரும்பி வந்தார். கடைசியில் ஆட்டக்காரர்கள் கூடிப் பேசும் ஒரு தளத்தில், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், என் கணவருக்குப் பசிக்க வேண்டும், துப்பாக்கியும் வேண்டும், வழி சொல்லுங்கள் என்று எழுதிப் போட்டேன். முதலில் வந்த பதில், ‘சமைப்பதை நிறுத்துங்கள்’. அதைக் கேட்டிருந்தால் இந்தக் கொலையே நடந்திருக்காது.

இரண்டாவது ஆள் சொன்ன ஆட்டம்தான் இது. பெயர் இங்கிலீஷில் முழ நீளம் இருக்கும், நாங்கள் பனிக்காடு என்போம். உள்ளே நுழையும்போதே நீ யார் என்று கேட்கும். வைத்தியனா, திருடனா, வேட்டைக்காரனா. பசிக்கும், குளிரும், காயம் பட்டால் கட்டுப் போட வேண்டும். உயிர் ஒன்றுதான், போனால் எல்லாம் போச்சு. நூறு நாள் உயிரோடு இருந்தால் ஒரு குடிசையும் பக்கத்தில் ஊற்றும் சாசுவதமாக நம் பெயருக்கு வரும். பட்டாவில் இரண்டு பெயர் எழுதலாம்.

உங்கள் தம்பி என்னவாக இருக்க ஆசைப்பட்டார் தெரியுமா? சமையல்காரனாக. நம் வீட்டில் கடுகு டப்பா எது, சீரக டப்பா எது என்று பதினோரு வருஷமாகத் தெரியாதவர், அங்கே பனியைத் தோண்டிக் கிழங்கு எடுத்து, பீன்ஸ் சூப் வைத்தார். இங்கே மாலை நாலரைக்குக் குழாயில் தண்ணீர் வந்தால் இரண்டு டிரம்மும் ஆறு குடமும் நான் ஒருத்தி பிடிக்க வேண்டும். அங்கே சுடலை மூன்று மைல் நடந்து, ஓநாய்களுக்கு நடுவில் தண்ணீர் கொண்டுவருவான். யாருக்கு? செம்பூரில் இருக்கும் கேஷவ் என்ற ரிட்டயர்ட் மனிதருக்கு. ஆட்டத்தில் சேர்ந்த கூட்டாளி. நான் கீழே சோற்றை வடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். மேலே ஹெட்போனில், “கேஷவ்ஜி, கானா ஹோ கயா?” என்று அவர் சாப்பிட்டாரா என விசாரித்துக்கொண்டிருப்பார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எனக்குக் கண்ணால் பார்க்கக்கூடக் கிடைக்கவில்லை.

அதனால் அவருடைய அறுபதாவது நாளில் என் போனிலிருந்து நானும் உள்ளே போனேன். வேவு பார்க்கத்தான், வேறொன்றும் இல்லை. நீ யாராக இருக்க விரும்புகிறாய் என்று கேட்டது. என்னை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை மதினி. வேட்டைக்காரி என்று சொன்னேன். நான் உள்ளே வந்தது உங்கள் தம்பிக்கும் தெரியும், சும்மா துணைக்குத் திரிகிறேன் என்றே நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை அவருக்குத் தொண்ணூற்றெட்டு நாள் முடிந்தது. குடிசைப் பட்டாவைத் திரையில் காட்டினார். முதல் பெயர் சுடலை. இரண்டாவது பெயர் கேஷவ்.

“உனக்குத்தான் இதுல இஷ்டமே கெடையாதே ராணி. அவரு பாவம், ஒத்த ஆளு.”

“அதுவும் சரிதான் அத்தான்” என்றேன். தாராவியில் குடியிருப்பவளுக்கு வீட்டுக் காகிதத்தில் பெயர் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் முகம் சுளிக்காமல் இறங்கி வந்து தோசை ஊற்றினேன். அன்றைக்கு ஒரு தோசைகூடக் கல்லில் ஒட்டவில்லை.

மறுநாள் ஞாயிறு. பனிப்புயல். உடைந்த பாலத்துக்குக் கீழே யாரோ சுட்டு, சுடலைக்குக் காலில் குண்டு. கேஷவ் மத்தியானத் தூக்கத்தில் இருக்கிற நேரம். கட்டுத்துணி, அவர் பாஷையில் ‘பட்டி’, என்னிடம்தான் இருந்தது, நாலு நிமிஷ தூரத்தில் இருந்தேன். வீட்டுக் கணக்குக்கு அவர் ஏணிக்கு மேலே, நான் ஏணிக்குக் கீழே. என் காதில் அவர் குரல் வந்தது.

“ராணி, ரத்தம் நிக்க மாட்டேங்கு. பட்டி உன்கிட்டதான இருக்கு? வாரியா?”

அந்த நேரம் பார்த்துக் குழாய் இருமியது. நாலரை. நான், “சரி, வாரேன்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

இங்கேதான் மதினி, நீங்கள் எனக்கு நியாயம் செய்ய வேண்டும். நம் ஊரில் கிளம்புகிற யாராவது ‘போறேன்’ என்பார்களா? அபசகுனம் என்று வாயிலேயே அடிப்பார்கள். ‘வாரேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். நான் முறைப்படி சொல்லிக்கொண்டு கிளம்பினேன். உங்கள் தம்பியோ சிநேகிதர்களிடம் ‘சலோ, சல்தா ஹூம்’ என்று போகிறதைப் போகிறேன் என்றே சொல்லி வளர்ந்தவர். அவர் காதுக்கு வாரேன் என்றால் வருகிறேன், அவ்வளவுதான். அவர் கேட்டது ஒரு கேள்வி. நான் சொன்னது விடை அல்ல, விடைபெற்றுக்கொண்டது. இதில் என் பிழை எங்கே இருக்கிறது?

தண்ணீர் பிடித்தேன். அன்றைக்குப்போல நிதானமாக நான் என்றைக்கும் பிடித்ததில்லை. டிரம்மைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் பிடித்தேன். பக்கத்து வீட்டு அம்மிணிக்கு இடுப்புவலி என்று அவள் குடங்களையும் நானே நிறைத்தேன். “என்னக்கா இன்னைக்கு இவ்வளவு பாசம்?” என்று அவள் சிரித்தாள்.

அவர் நினைத்திருந்தால் தப்பித்திருக்கலாம், அதையும் சொல்லிவிட வேண்டும். இருபதடி தள்ளி ஒரு பழைய லாரி கிடந்தது. அதற்குள் ஊர்ந்து போய், கையிலிருந்த விறகைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்திருந்தால், கேஷவ் எழுந்து வருகிறவரை தாங்கியிருக்கும். அவர் அசையவில்லை. விறகு முழுவதையும் ஒரே குவியலாகப் போட்டுக் கொளுத்தினார். புயலில் எனக்கு வழி தெரிய வேண்டுமாம், புகையைப் பார்த்து வருவேனாம். இதை அவர்தான் பிறகு சொன்னார்.

சொன்னார் என்று எழுதிவிட்டேன். நானும் பார்த்தேன்.

தண்ணீர் ஐந்து மணிக்கே நின்றுவிட்டது மதினி. சுடலை செத்தது ஐந்தேகாலுக்கு. நடுவில் இருந்த பதினைந்து நிமிஷத்தில் நான் கையைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து, உள்ளே போய், மரத்துக்குப் பின்னால் குந்தியிருந்தேன். கறுப்புப் புகை நேராக ஏறியது, பிறகு நூலாக மெலிந்தது. மேல்தட்டிலிருந்து உங்கள் தம்பி இரண்டு தரம், “ராணி, புகை தெரியுதா?” என்று கேட்டார். ஹெட்போன் இல்லாமலே கேட்டது. மூன்றாம் தரம் கேட்கவில்லை.

பிறகு நான் பாலத்துக்கு இறங்கினேன். அவனுடைய கம்பளிக் கோட்டு, கெட்டில், நாலு குண்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். விட்டால் வேறு யாராவது எடுத்துக்கொண்டு போவார்கள். நம் வீட்டுப் பொருள் வெளியே போகலாமா?

என்னை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஏணியில் இறங்கி வந்து, நிறைந்திருந்த டிரம்மைப் பார்த்தார். “தண்ணி வந்துருச்சுல்லா. நீ என்ன செய்வ” என்றார். அதற்கு அவர் என்னை நாலு அடி அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் பலனைப் பாருங்கள். மூன்றாம் நாள் எழுந்து குளித்தார். இந்த வாரம் முழுக்கத் தண்ணீர் அவர்தான் பிடிக்கிறார். கடுகு எது, சீரகம் எது என்று முகர்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டுவிட்டார். பனிக்காட்டில் வைத்த அதே பீன்ஸ் சூப்பை நம் அடுப்பில் வைக்கிறார், உப்புத்தான் ஒரு கை கூடிவிடுகிறது. “சாப்பிட்டியா ராணி?” என்று கேட்கிறார். ஒரு மாய மனுஷனைக் கொன்று ஒரு நிஜப் புருஷனை மீட்டிருக்கிறேன். இதைக் கொலை என்று சொல்ல உங்களுக்கு மனம் வருமா?

நான் மட்டும் எப்போதாவது மேல்தட்டுக்கு ஏறுகிறேன். கம்ப்யூட்டரைச் சும்மா போட்டால் கெட்டுப்போகும் என்கிறார்கள், போனைவிடத் திரையும் பெரிது. எனக்கு இன்றைக்கு நாற்பத்தேழாவது நாள். கோட்டு இருப்பதால் குளிர் அவ்வளவாகத் தெரியவில்லை. கேஷவ் துக்கம் விசாரித்தார். செத்தவன் கோட்டைக்கூட எவனோ உருவிக்கொண்டு போய்விட்டான் என்று வருத்தப்பட்டார். அதைப் போட்டுக்கொண்டுதான் கேட்டுக்கொண்டிருந்தேன், பனியில் எல்லாக் கோட்டும் ஒரே நிறம். நல்ல மனுஷர், தனி ஆள். வேளாவேளைக்கு நான்தான், “கேஷவ்ஜி, கானா ஹோ கயா?” என்று கேட்டுக்கொள்கிறேன். நூறாவது நாள் பட்டாவில் இரண்டாவதாக யார் பெயரை எழுதுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

இதோ, இந்த வரியை எழுதும்போதே உங்கள் தம்பி கீழேயிருந்து கூப்பிடுகிறார். “ராணி, சூப்பு ஆறுது. நீ வந்தாத்தான் நானும் சாப்பிடுவேன். வாரியா?”

“வாரேன்” என்று சொல்லிவிட்டு ஹெட்போனை எடுத்தேன். மாட்டுவதற்குள், கீழே இரண்டு தட்டு வைக்கிற சத்தம் கேட்டது.