பொந்துக்குள் கம்பி

காலையில் ஐந்தரைக்கு எழுவேன். பல் தேய்த்துக் கடுங்காப்பி போடுவேன். என் மனைவி அஸ்ஃபியாவின் தம்ளரை மூடி வைத்துவிட்டு ஆற்றங்கரைக்கு நடப்பேன். அவள் போய்ப் பத்து நாள் ஆகிறது. இப்போதும் இரண்டு தம்ளர்தான் எடுக்கிறேன். பழக்கம். கூடுதலாக எதுவும் நினைக்க வேண்டாம், இன்ஸ்பெக்டர்.

எந்தத் தேனீ எந்த ஊர்வரை பரவியிருக்கிறது என்று குறித்துவருகிறவன் நான். பத்தமடையில் எல்லாருக்கும் எல்லாமே ஈ. கொட்டினால் தேனீ, கொட்டாவிட்டால் ஈ. அவ்வளவுதான் அவர்கள் விலங்கியல். பெட்டியில் வளர்க்கக் கொண்டுவந்த இத்தாலியத் தேனீ பெட்டியை விட்டால் இங்கே பிழைக்காது என்பார் என் பேராசிரியர் சிராஜுதீன். பெட்டிக்கு வெளியே அவர் யோசித்ததே இல்லை. அது தாமிரபரணிக் கரையில் தானாகவே கூடு கட்டுகிறது என்று நான் காட்டவேண்டியிருந்தது. மூன்று வருஷம் தேடினேன். கிடைக்கவில்லை. ஆழ்வார்குறிச்சியில் ஒரு பெட்டி வாங்கி, அதன் மரச் சட்டங்களிலிருந்து தேனடைகளை அறுத்து, ஈக்களோடு சேரன்மகாதேவியில் ஒரு மருதமரப் பொந்தில் குடிவைத்தேன். படம் அனுப்பினேன். சிராஜுதீன் ஒத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை நேரில் வருவதாக எழுதினார்.

அஸ்ஃபியா பன்னிரண்டாவதோடு நின்றவள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"காட்டு ஈ கம்பியெல்லாம் கட்டுமோ மச்சான்?"

சட்டத்தில் அடையைத் தாங்க இழுத்திருக்கும் கம்பி. அடையோடு வந்திருந்தது. நான் பார்க்கவில்லை. சிராஜுதீனும் பார்க்கவில்லை. யாரிடமும் சொல்லப்போவதாக அவள் சொல்லவில்லை. சிரித்தாள். என்னைப் பற்றி அவள் நினைத்தது அந்தச் சிரிப்பளவுதான்.

போன வருஷம் ஒரே ஒரு தேனீ கொட்டி அவளுக்குத் தொண்டை அடைத்தது. அடுத்த தடவை உயிருக்கு ஆபத்து, இந்த ஊசி எப்போதும் கூடவே இருக்கட்டும் என்றார் மருத்துவர். போடுவதற்கு எனக்குத்தான் சொல்லிக்கொடுத்தார்.

வியாழக்கிழமை விடிந்ததும் அவளைப் பொந்தடிக்குக் கூட்டிப்போனேன். கம்பியை உருவ என் கை நுழையாது, உன் கை மெலிது என்றேன். அந்தப் பொந்தில் அடைகளை வைத்ததே என் கைதான்.

அவள் கொஞ்சம் தயங்கினாள். "நாளைக்கு சார் வந்து பாத்தா உங்களுக்குல்லா மானக்கேடு," என்று வளையலைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள்.

ஈக்கள் அடங்கப் புகை போட்டுவிட்டேன் என்றேன். போடவில்லை. ஊசியை முந்தின நாளே அவள் பையிலிருந்து எடுத்துப் பீரோவில் வைத்திருந்தேன்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரும், கடைசி மூச்சில் சொல்லவேண்டிய கலிமாவைச் சொன்னாளா என்று கேட்டார்கள். சொன்னாள் என்றேன். அவள் உம்மா மைதீன் பாத்திமா அதைக் கேட்டுத்தான் தண்ணீர் குடித்தார். ஆறுதலுக்கு இவர்கள் ஆதாரம் கேட்பதில்லை.

நீங்களும் விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். தவறான பதிவு எனக்குப் பிடிக்காது. திருத்திக்கொள்ளுங்கள். அவள் கலிமா சொல்லவில்லை. முகம் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி அவள் சொன்னது இது:

"பதறாதீங்க மச்சான். ஊசி பையிலதான் இருக்கு."