நான்காவது சக்கரத்தின் மூடி

ஐயா, நான் இடுப்பு வலிக்காரன். ஸ்டேஷனில் இந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தால் வலது காலின் பெருவிரல்வரை இழுக்கிறது. கொஞ்சம் சாய்ந்துகொள்கிறேன், மரியாதை தெரியாதவன் என்று நினைக்க வேண்டாம். மீசை முளைக்கும் முன்னே சிமெண்டு மூட்டை தூக்க ஆரம்பித்தவன். முதுகு தேய்ந்த பிறகு டயர் கடையில் சேர்ந்தேன். அங்கே குனிந்து குனிந்து மிச்சமிருந்ததும் போயிற்று. உட்கார்ந்தபடி செய்கிற பிழைப்பாக ஒன்று வேண்டும் என்றுதான் கடனில் கார் வாங்கி வாடகைக்கு ஓட்டினேன். அதில் பேராசை எதுவும் இல்லை.

முதல் வருஷம் தவணை தவறவில்லை. அப்புறம் இடுப்பு உட்காரவும் விடவில்லை. ஓடாத வண்டிக்குத் தவணை எங்கிருந்து வரும்? கடன் கொடுத்த கம்பெனியிலிருந்து போன் மேல் போன். கடைசியில் வண்டியை எடுக்க ஆள் வருகிறது என்று என் மச்சினன் சொல்லி அனுப்பினான். மனைவிக்கு ஒரே தம்பி. சின்னவன் என்றுதான் கூப்பிடுவோம். அச்சகத்தில் வேலை. என் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் அவன்தான்.

வண்டி போகப்போகிறது என்று தெரிந்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. பயத்தில் சும்மா இருக்க முடியாது ஐயா, கை எதையாவது செய்துகொண்டே இருக்கும். பாட்டுப்பெட்டியைக் கழற்றினேன். பின் சீட்டைப் பிளேடால் கீறினேன். அது மட்டும் கோபத்தில் செய்தது, ஒத்துக்கொள்கிறேன். டயர்கள் நான்கும் என் காசில் போட்டவை. அவற்றைக் கழற்றிக்கொண்டு, நான் வேலை பார்த்த டயர் கடையில் கிடந்த தேய்ந்த டயர்ச் சக்கரங்களை மாட்டலாம் என்று காலையிலேயே வாசலில் ஜாக்கியை வைத்தேன். கம்பெனியின் பொருள் கம்பெனிக்கு, என் பொருள் எனக்கு. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

சக்கரம் மாட்டுவதற்கு ஒரு முறை உண்டு. வண்டி ஜாக்கியில் நிற்கும்போது நட்டுகளைக் கையால் திருகி நிறுத்த வேண்டும். வண்டியை இறக்கி, சக்கரம் தரையில் பாரம் வாங்கிய பிறகுதான் ஸ்பானர் போட்டு இறுக்க வேண்டும். எல்லாம் இறுக்கிய பிறகு மேலே பிளாஸ்டிக் மூடி. மூடி ஏறிவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். மூடி போட்ட சக்கரத்தை எங்கள் கடையில் யாரும் திரும்பத் தொட மாட்டார்கள்.

மூன்று சக்கரங்கள் முடிந்துவிட்டன. நான்காவது, ஓட்டுகிறவன் பக்கத்து முன் சக்கரம். அதில் நட்டுகளைக் கையால் திருகி நிறுத்தியிருந்தேன். அப்போது கம்பெனி வசூல்காரர் பைக்கில் வந்து நின்றார். பின்னால் சின்னவன்.

"என்னண்ணே, போற நேரத்துல வண்டிக்குச் செருப்பு மாத்துறீங்களா?" என்று வசூல்காரர் சிரித்தார். குனிந்து டயரைப் பார்த்தார். "அட, பழைய செருப்பால்ல மாட்டுறீங்க."

அவர் கெட்டவர் இல்லை. வண்டியைச் சுற்றி வந்து போனில் படம் எடுத்தார். கிழிந்த சீட்டைப் பார்த்ததும்தான் முகம் மாறியது.

"அண்ணே, இது தப்பு. கடன் முடியறவரைக்கும் வண்டி உங்களுது மட்டும் இல்ல. சேதம் பண்ணா கேஸ் போடுவாங்க. அத விடுங்க, ஏலத்துல விலை விழும்ல? அந்தக் குறையும் உங்க தலையிலதான். நீங்க கட்டலன்னா ஜாமீன் போட்ட இந்தத் தம்பி தலையில."

சின்னவன் என்னைப் பார்த்தான். "ஏன் மாமா இப்படிப் பண்ணீங்க? என் சம்பளத்துல பிடிப்பாங்க மாமா" என்றான். குரல் உயரவில்லை. அவன் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. பிறகு என்னை ஓரமாகக் கூட்டிப்போய் இன்னொரு விஷயமும் சொன்னான். அதை அப்புறம் சொல்கிறேன்.

வசூல்காரர் சாவியை வாங்கிச் சின்னவனிடம் நீட்டினார். "எனக்கு முட்டி வலி, கிளட்ச் மிதிக்க முடியாது. நீ ஓட்டிட்டு வா தம்பி, நான் பைக்ல பின்னாலயே வர்றேன். கம்பெனி வண்டி நிறுத்தற யார்டுல விட்டுட்டு உன்னை அச்சகத்துல இறக்கிடறேன்."

நான் ஜாக்கியை இறக்கினேன்.

நட்டுகளை இறுக்க மறந்துவிட்டேன், ஆள் வந்த பதற்றத்தில் விட்டுப்போயிற்று என்று முதலில் உங்களிடம் எழுதிக் கொடுத்தேன். நீங்களும் நம்பினீர்கள். யாரும் நம்புவார்கள். ஆனால் அந்தச் சக்கரத்தில் மூடி இருந்ததே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மறந்தவன் மூடி போடமாட்டான் ஐயா. ஸ்பானர் என் காலடியில்தான் கிடந்தது. அதைத் தாண்டிப் போய் மூடியை எடுத்து வந்து, உள்ளங்கையால் தட்டி மாட்டினேன். நன்றாகத்தான் உட்கார்ந்தது.

சாவி கைமாறியதற்கு முன்பா, பின்பா? அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். பின்புதான்.

அந்த நேரத்தில் என் மனைவி வேலைக்குக் கிளம்பி வெளியே வந்தாள். தையல் ஆலைக்குப் போகிறவள். தம்பியைப் பார்த்ததும், "டேய், ஆலை வாசல்ல என்னை இறக்கி விட்டுடேன்" என்று கதவைத் திறந்தாள்.

"நீ பஸ்ல போ" என்றேன்.

"அதே வழிதானே? பஸ் எப்ப வருமோ."

"பஸ்ல போன்னா போயேன்."

நான் அவளிடம் அப்படி எரிந்து விழுகிறவன் இல்லை. அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். சின்னவன், "விடுக்கா, மாமா வண்டி போற கவலைல இருக்காரு" என்று சிரித்தான். அவள் முன்னால் நடந்தாள்; வசூல்காரர் தாளில் கையெழுத்து வாங்கி முடித்த பிறகுதான் அவன் கிளப்பினான். வண்டி மெதுவாகத்தான் போனது. அவன் எப்போதும் மெதுவாகத்தான் ஓட்டுவான். எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு வேகத்தடை இருக்கிறது. அங்கே அவன் நின்று ஏறினான். ஒரு குரல் கொடுத்தால் கேட்கும் தூரம். நான் குனிந்து ஜாக்கியை மடக்கினேன். குரல் கொடுத்தால் எதற்கு என்று கேட்பார்கள். கேட்டால் மூடியைக் கழற்றிக் காட்ட வேண்டும். அந்தப் பயம்தான், வேறில்லை.

இறக்கத்தில், வளைவில் சக்கரம் கழன்றது. எதிரே தண்ணீர் லாரி. மற்றது உங்களுக்குத் தெரியும்.

என் மனைவி பஸ் நிறுத்தத்துக்கு அதே இறக்கத்தில்தான் நடந்துகொண்டிருந்தாள். ஒரு சக்கரம் தனியாக உருண்டு வந்து, அவளைத் தாண்டிப் போய், ஒரு கடை வாசலில் சுற்றிச் சுற்றிப் படுத்ததாம். எங்கள் வண்டிச் சக்கரம் என்று மூடியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாளாம். அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்திருக்கிறாள்.

அவள் அழுதது அன்றைக்கு மட்டும்தான். வேளாவேளைக்குச் சோறு போடுகிறாள், எதிரே உட்காருகிறாள், நான் சாப்பிடுவதைப் பார்க்கிறாள். வாய் திறந்தால் ஒரே கேள்வி: "என்னை ஏன் பஸ்ல போகச் சொன்னீங்க?" நான் சோற்றைப் பிசைகிறேன். அவள் தட்டைக் கழுவப் போய்விடுகிறாள். போன வாரம் வேலை முடிந்து வந்தபோது பையிலிருந்து அந்த மூடியை எடுத்துச் சமையலறை மேடையில் வைத்தாள். கடைக்காரர் எடுத்து வைத்திருந்தாராம். கழுவித் துடைத்திருந்தாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது. உப்பு எடுக்கப் போனாலும் அதைத் தாண்டித்தான் கை நீட்ட வேண்டும்.

எனக்கு ஜெயிலுக்குப் பயமில்லை. அந்த மேடைக்குப் பயம். தண்ணீர் குடிக்கக்கூட உள்ளே போக முடியவில்லை. வாசல் குழாயில்தான் குடிக்கிறேன். அவள் என் கழுத்தில் கத்தி வைத்தாலும் எனக்கு இவ்வளவு நடுங்காது. அதனால்தான் யாரும் கூப்பிடாமலே வந்தேன். இங்கே உட்கார்ந்ததும் கொஞ்சம் மூச்சு வருகிறது.

நான் யாரையும் கொல்ல நினைக்கவில்லை ஐயா. வண்டி எங்காவது ஓரத்தில் முட்டும், கம்பெனிக்கு அது பழைய இரும்புக் கடையில் போடத்தான் ஆகும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவனுக்கு ஒரு கை கால் முறிவோடு போயிருக்கும். கை கால் முறிந்தவன் கொஞ்ச நாளைக்கு எதையும் பேச மாட்டான்.

அவன் ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னது இதுதான். "மாமா, வண்டிக்கு முன்பணம் நான் குடுத்தத நீங்க திருப்பித் தருவீங்கன்னு இத்தன நாள் வாயத் திறக்கல. கல்யாணத்துக்குச் சேத்து வச்ச காசு. இப்ப வண்டியும் போச்சு. சாயங்காலம் அக்காகிட்ட சொல்லிடறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

மூட்டை தூக்கிச் சேர்த்த பணத்தில் முன்பணம் கட்டினேன் என்றுதான் என் மனைவி இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அதற்காகச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அது வேறு கணக்கு. தர வேண்டும் என்றுதான் இருந்தேன், இப்போதும் தர வேண்டும் என்றுதான் இருக்கிறேன். அதற்குச் சீட்டு கிடையாது, சாட்சி கிடையாது. அவனுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

அறுபதாயிரம் ஐயா. ஒரு காசு கொடுக்கவில்லை. அப்படியே பாக்கி இருக்கிறது.