ஒதுக்கி வெச்ச ரெண்டு

— ஏற்புரையில என் பொறுமைக்கு நன்றின்னு மட்டும் எழுதியிருக்கீங்களே ப்ரொபசரே, காபிக்கு நன்றி கிடையாதா?

— இந்தா பாரு, பரிசு வாங்கற அன்னிக்குக் காலையிலயே ஆரம்பிக்காத. எல்லாரும் பொண்டாட்டிக்கு அப்படித்தான் நன்றி சொல்றாங்க. கார் வந்துடும், சட்டையைத் தேச்சுக் குடு.

— காலர்தான் பாக்கி. உங்க தேற்றமே நடுவுல வர்ற அந்தத் துணைத்தேற்றம், அந்த லெம்மா மேலதான் நிக்குது. அது யார் போட்டதுன்னு உரையில எங்கயுமே காணோமே.

— பதினஞ்சு வருஷமா இதே பல்லவி. ஒரே மேஜையில உக்காந்து வேலை பாத்தோம். எது உன்னுது, எது என்னுதுன்னு யாருக்குத் தெரியும்?

— எனக்குத் தெரியும். நிறைமாசம், வீங்கின காலை ஸ்டூல் மேல நீட்டிக்கிட்டுப் போட்டேன். நீங்க அப்ப ஊர்லயே இல்ல, மாநாட்டுல இருந்தீங்க.

— சரி, உன்னுதுதான். விடேன். குழந்தை வந்ததும் கணக்கு வேண்டாம்னு போனது நீதானே?

— வேண்டாம்னு போகலை. தொட்டிலை யார் ஆட்டறதுன்னு கேட்டேன். நீங்க அடுத்த மாநாட்டுக்குப் பெட்டி கட்டினீங்க. அது எனக்கு இன்னும் ஆறலை.

— இப்ப என்னதான் செய்யணும்?

— ஒரே ஒரு வரி. 'அந்த லெம்மா என் மனைவி போட்டது.' மேடையில அதைச் சொல்லுங்க, போதும்.

— இத்தனை வருஷம் ஏன் சொல்லலைன்னு கேப்பாங்க. என் மானம் கப்பலேறிடும். முடியாது.

— சரி. அப்ப ரெண்டை என்ன பண்ணீங்க?

— எந்த ரெண்டு?

— பகா எண்ணுல இரட்டைப்படை அது ஒண்ணுதானே. கடைசியில தனியாப் பாத்துக்கலாம்னு எப்பவும் ஒதுக்கி வெப்போம். நானும் வெச்சேன். அன்னிக்கே வலி எடுத்துடுச்சு, அதோட கிடந்தது. நேத்துதான் மனசு வந்து உங்க கட்டுரையைப் படிச்சேன். 'ரெண்டுக்கும் இதே மாதிரிதான்'னு ஒரு வரியில தாண்டியிருக்கீங்க.

— இதே மாதிரிதானே வரும்?

— போட்டுப் பாத்தீங்களா?

— நீ பாத்தியா?

— நேத்து பாத்தேன். வராது. ரெண்டுல லெம்மா உடையுது. அது போனா உங்க தேற்றமும் போச்சு.

— நல்லாப் பாத்தியா?

— தூக்கமே இல்லாம மறுபடி மறுபடி பாத்தேன். நேத்துப் போட்ட கணக்குதான் தப்பா இருக்கணும்னு வேண்டிக்கிட்டே பாத்தேன்.

— வேற யார்கிட்டயாவது சொன்னியா?

— உங்ககிட்டதான். ஹாரன் அடிக்கறாங்க. சட்டை இந்தாங்க. மேடையேறி என்ன சொல்லப் போறீங்க?

— நீ கேட்டதையே சொல்லிடறேன். அந்த லெம்மா என் மனைவி போட்டது.