கழித்துப் பார்க்கச் சொன்ன கணக்கு அக்காவுக்கு

காற்றின் குணத்தைக் கணக்கில் கண்டவரே! கண்டிப்பிலும் கனிவு குறையாதவரே! முப்பத்து நான்கு ஆண்டுகள் எங்கள் விதைக் கிடங்கின் ஈரப்பத அறையைக் கட்டிக் காத்த காவலரே! பதவிப் பெயரால் முதுநிலைப் பதிவாளரே, எங்கள் எல்லாருக்கும் கணக்கு அக்காவே, இன்று பணி ஓய்வு பெறும் உங்களுக்கு வணக்கம்!

காலை எட்டு மணிக்கு ஜன்னலோரம் நின்று இரண்டே எண்களைக் குறிப்பீர்கள். காற்றின் வெப்பநிலை ஒன்று. அந்தக் காற்று எந்த அளவுக்குக் குளிர்ந்தால் நீர்த்துளி அரும்பும் என்று காட்டும் பனிநிலை மற்றொன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து, ஐந்தால் பெருக்கி, நூறிலிருந்து எடுத்தால் ஈரப்பதம் ஏறக்குறைய வந்துவிடும் என்று கற்பித்தீர்கள். வறண்ட காற்றுக்கு இது ஒத்துவராது என்பதையும் மறைக்கவில்லை. கணினி வந்த பிறகும் எந்தத் தாளை நீட்டினாலும், "கழிச்சுப் பாத்தியா?" என்பதே உங்கள் முதல் கேள்வி. விடுப்பு விண்ணப்பத்தை நீட்டியவரிடமும் அதையே கேட்டீர்கள் என்பது கிடங்கறிந்த கதை.

ஆறு ஆண்டுகளுக்கு முன், நீங்கள் விடுப்பில் இருந்த ஒரு நாள், வெப்பநிலை முப்பதும் பனிநிலை இருபத்து நான்கும் கணினியில் இடம் மாறிப் பதிவாயின. பனிநிலை காற்றின் வெப்பநிலையைத் தாண்டவே தாண்டாது. கணினியோ நூறைத் தாண்டி வந்த விடையைக் கூச்சமில்லாமல் வெட்டி, ஈரப்பதம் நூறு என்றது. எழுபதே இருந்த கிடங்கில் உலர்த்திகள் நாள் முழுக்க ஓடின. மறுநாள் தாளைப் பார்த்ததும் ஓடிப்போய் நிறுத்தினீர்கள். அதற்குள் ஓர் அடுக்கு விதை அளவுமீறி உலர்ந்து வெடித்துவிட்டது. மேலாளர் கேட்டபோது, "அறைப் பொறுப்பு என்னோடது, தப்பும் என்னோடது சார்" என்றீர்கள். உங்கள் பதவி உயர்வு ஓராண்டு தள்ளிப்போனது. யார் பதிந்தது என்று இன்றுவரை நீங்கள் வாய் திறக்கவில்லை.

அக்கா, அதைப் பதிந்தது இந்த மடலை எழுதி வாசிக்கும் நான்தான். மேலாளர் இந்த விழாவின் முன்வரிசையில் இருக்கிறார். அவர் காதிலும் விழட்டும். நேற்று சக பணியாளர்களிடம் சொன்னேன். "மடல்லயே எழுதிடு, அப்பதான் உனக்கு மனசு ஆறும்" என்றார்கள். என்னை மன்னியுங்கள்.

முழங்கால் வலி முற்றும் நீங்கி, பேரப்பிள்ளைகளின் வீட்டுக்கணக்கையும் விடாமல் திருத்தி, நலமும் நகைமுகமும் நீங்காது நெடுநாள் வாழ்க!

இன்று காலை வெப்பநிலை இருபத்தொன்பது, பனிநிலை இருபத்தைந்து, ஈரப்பதம் எண்பது. கழித்துப் பார்த்துவிட்டோம், அக்கா. அந்தத் தாளை இந்த மடலோடு சட்டத்தில் வைத்திருக்கிறோம். 'சரிபார்த்தவர்' என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. கண்ணாடி போடுமுன் ஒரு கையெழுத்துப் போடுங்கள்.

என்றும் உங்கள் அன்பில்,
ஈரப்பத அறைப் பணியாளர்கள்