எங்கும் நிறைந்த அன்னம்மாவை எண்ணி முடித்த சம்சுன்னிசா அக்காவுக்கு

சிராங்கூன் சாலையின் மலர்மணமே! சர்வர் அறையின் சந்திர ஒளியே! சலியாத உழைப்பும் சளைக்காத சிரிப்பும் சற்றும் வளையாத நேர்மையும் ஒருங்கே வாய்ந்த எங்கள் அன்பு அக்கா சம்சுன்னிசா அவர்களே! நறுமுகை மலர் வாணிபத்தின் கணினிகளை முப்பத்தோர் ஆண்டுகள் கட்டிக் காத்து இன்று விடைபெறும் உங்களை, வாழ்த்த வாயெடுத்தால் வார்த்தை தடுமாறுகிறது. ஆகவே வாழ்த்துவதற்கு முன் ஒரு கதை சொல்லிவிடுகிறோம். அக்கா, கொஞ்சம் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்; இது அவையோருக்கு.

அவையோரே! நம் கடை, கிடங்கு, தோட்டம் மூன்றுக்கும் ஒரே சர்வர்தான். பில் போடும் மென்பொருள் அதில் ஒரு முறைதான் ஏற்றப்பட்டிருக்கிறது. எல்லாரும் தூரத்திலிருந்தபடியே அதற்குள் நுழைந்து வேலை பார்க்கிறோம். ஏற்றியது ஒன்றென்றாலும், நுழைகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனி உரிமம் வேண்டும் என்பது விதி. விதி யாருக்குத் தெரியும்? நமக்குத் தெரிந்ததெல்லாம் அன்னம்மாதான்.

அதோ, முதல் வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறாரே, அவரேதான்! கல்லாவில் இருந்து ஓய்வு பெற்றுப் போனவர், போகும்போது தம் கடவுச்சொல்லை நமக்குச் சீதனமாக விட்டுப் போனார். புதிதாகச் சேர்பவருக்கு முதல் நாளில் ஒரு குவளை தே தாரிக் தேநீரும் அன்னம்மாவின் கடவுச்சொல்லும் கொடுத்து வரவேற்பது நம் வழக்கமாயிற்று. அன்னம்மா புக்கிட் பாத்தோக் சந்தையில் மீன் பேரம் பேசிக்கொண்டிருந்த அதே வேளையில், சிராங்கூன் சாலையில் மல்லிகைக்கு பில் போட்டார். சுவா சூ காங் கிடங்கில் ரோஜாப் பெட்டிகளை இறக்கினார். கிராஞ்சித் தோட்டத்தில் செடிகளுக்கு உரம் கேட்டு எழுதினார். அடேயப்பா, எங்கும் நிறைந்த அன்னம்மா!

மென்பொருள் நிறுவனத்தார் ஒரு நாள் கேட்டார்கள், எத்தனை பேர் பயன்படுத்துகிறீர்கள் என்று. அந்த எண்ணிக்கைக்கான உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டியவர் நம் அக்கா. அதே வாரம், ஓய்வு வயதுக்குப் பிறகும் வேலையில் தொடர்வதற்கான அக்காவின் மறுவேலை ஒப்பந்தமும் முதலாளி மாணிக்கம் அவர்களின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. (முதலாளி இங்கேதான் இருக்கிறார், அவர் அனுமதி வாங்கித்தான் இதை வாசிக்கிறோம்.)

"எல்லாரும் ஒரே பேர்லதானே லாகின் பண்றாங்க? ஒருத்தர்னு போட்டுடுங்க லா, யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் முதலாளி.

"பேரு ஒண்ணுதான் முதலாளி, உக்காந்து வேல பாக்குறது எத்தனையோ பேரு. எனக்குத் தெரியுமே! பொய்க்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். போட்டாத்தான் ஒப்பந்தம்னா, வேற ஆளப் பாத்துக்குங்க" என்றார் அக்கா.

ஒப்பந்தம் மேசையை விட்டு நகரவில்லை. அக்காவுக்கு அப்போது வேலை மிகவும் தேவை. கணவருக்கு இருதய அறுவை சிகிச்சை முடிந்து மாதம்கூட ஆகவில்லை. சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுங்கள் என்று நாங்கள் கெஞ்சினோம். அக்கா சொல்லை மாற்றவில்லை.

சனிக்கிழமை காலையில், யாரிடமும் சொல்லாமல், ஆட்களை நேரிலேயே எண்ணிவிடக் கிராஞ்சிக்குப் புறப்பட்டார். அந்தப் பக்கம் பேருந்து அத்தி பூத்தாற்போலத்தான் வரும். தோட்டத்து லாரி ஓட்டுநரின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். தோட்ட மேற்பார்வையாளர் ஆதவன் எதிரே ஓடி வந்தார்.

"என்னக்கா, நீங்களே வந்துட்டீங்க? இங்க முப்பது பேரு இருக்கோம், கம்ப்யூட்டர் நாலுதான். ஷிஃப்டு மாறுனா ஆளு மாறும், கம்ப்யூட்டர் அப்படியேதான் இருக்கும்."

அக்காவின் முகம் மலர்ந்ததாம்! பலர் மாறி மாறி உட்காரும் இடத்தில் ஆளை எண்ண வேண்டாம், கணினியை எண்ணலாம். ஆளுக்குப் பதில் கணினிக்கு உரிமம் வாங்க விதியே இடம் தருகிறது. கடையிலும் அலுவலகத்திலும் அப்படியில்லை. அங்கே ஒருவரே மேசையிலும் வீட்டிலும் கைப்பேசியிலும் நுழைகிறார். அங்கே கணினியை எண்ண வேண்டாம், ஆளை எண்ண வேண்டும். கிராஞ்சியில் முப்பது உரிமம் நான்காகச் சுருங்கியது, ஒரு பொய்யும் இல்லாமல்! திங்கட்கிழமை அந்தக் கணக்கைப் பார்த்த முதலாளி, முதலில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். பிறகுதான், "மன்னிச்சுக்குங்கக்கா, டீ குடிச்சீங்களா?" என்றார். அன்னம்மாவின் பெயர் அன்று மாலையே சர்வரிலிருந்து நீக்கப்பட்டது. எங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் சொந்தப் பெயர் கிடைத்தது.

கதை முடிந்தது அக்கா, கையை எடுங்கள். கடவுச்சொல் மறந்து வந்தவர்களைத் திட்டிக்கொண்டே திறந்துவிட்டீர்கள். நோன்பு நாளிலும் எங்களுக்குக் கறிபஃப் வாங்கி வைத்தீர்கள். உங்கள் திட்டு இல்லாத திங்கட்கிழமையை எப்படித் தாங்குவோம் என்று தெரியவில்லை.

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறோம். "சம்சு அக்கா லாகின மட்டும் விட்டு வைப்போம் லா, ராசியான பேரு" என்று கடையில் பேச்சு எழுந்தது. எல்லாருக்கும் ஆசைதான். காலையில் திரையைத் திறந்ததும் உங்கள் பெயர் அங்கே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆனால் இல்லாத ஆளை இருப்பதாகக் காட்டினால், நீங்கள் வேலையைப் பணயம் வைத்துக் காத்த கணக்கு பொய்யாகிவிடும். அதனால் இங்கே வருமுன் எல்லாரும் சர்வர் அறையில் கூடினோம். ஆதவன்தான் பட்டனை அழுத்தினார். அழுத்திவிட்டு வெளியே போய் நெடுநேரம் நின்றார்.

இறையருளால் உங்கள் இல்லம் நலமும் நிறைவும் பெறுக! உங்கள் கணவர் உடல் தேறி உங்களோடு ஊரெல்லாம் சுற்றுக! நோயணுகா நெடுவாழ்வும், யாரும் கடவுச்சொல் கேட்டு எழுப்பாத இனிய உறக்கமும் உங்களுக்கு வாய்க்க!

உங்கள் பெயரை நீக்கிவிட்டோம், அக்கா. திங்கட்கிழமை ஓர் ஆள் குறைவு. கணக்கு சரியாக இருக்கிறது.

என்றும் உங்கள் அன்புக்குரிய,
சிராங்கூன் சாலைக் கடை, சுவா சூ காங் கிடங்கு, கிராஞ்சித் தோட்டம் ஆகியவற்றின் ஊழியர்கள்,
அவரவர் சொந்தப் பெயரில்