ஒன்று புள்ளி நான்கு

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஓர் அண்ணனும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். ஆலப்பாக்கம் தாண்டியதும் மடிக்கணினியிலிருந்து நிமிர்ந்து அவள் சொன்னாள்:

"உன் புள்ள எடை ஏறாததுக்குக் காரணம் நான்தாண்ணே."

"என்னாம்மா சொல்ற?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து உங்க போனுக்குத் தெனம் ரிப்போர்ட் வருதுல்ல, அந்த சாப்ட்வேர் எங்க கம்பெனி செஞ்சது. அதுல நம்பர அழகா காட்டறதுக்குன்னு ஒரு சின்ன புரோகிராம் இருக்கு. அத எழுதுனது நான். புள்ளிக்கு அப்புறம் ஒரு நம்பர் போதும், மீதிய ரவுண்ட் பண்ணிடுன்னு எழுதிட்டேன்."

"அதனால?"

"இப்பதான் உள்ள போயி அசல் எடையப் பாத்தேன். மொதல்ல ஒன்னு புள்ளி மூணு ஆறு கிலோ. அப்புறம் ஒன்னு புள்ளி மூணு எட்டு. நேத்து ஒன்னு புள்ளி நாலு மூணு. எல்லாத்தையும் ஒன்னு புள்ளி நாலுன்னே காட்டிக்கிட்டு இருந்துருக்கு."

"கொறமாசத்துல பொறந்தவன், தேறுவானோ மாட்டானோன்னு நாங்க..."

"கிராமுல காட்டற மாதிரி இப்ப மாத்தியாச்சு. அந்த வார்டுல இருக்கற எல்லாப் புள்ளைங்களுக்கும்."

அண்ணன் அவள் தலைமேல் கையை வைத்தார். பிறகு மனைவியைப் போனில் அழைத்தார்.

"ரிப்போர்ட்ட இப்பத் தொறந்து பாரு. ஆமா, தெனமும் ஏறியிருக்கான். இல்லம்மா, உன் பாலு பத்தாம போவல. நீ குடுத்ததெல்லாம் அவன் ஒடம்புல ஒட்டிக்கிட்டுதான் இருந்துருக்கு."